பானெட்டின் வலது பாதி

அத்தியாயம் 17

போன வாரம் ஷோபாவை நீலசந்திராவில் இருக்கிற அவள் வீட்டில், பீரோ கதவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். பக்கத்து வீட்டு பவுலின் எட்டிப் பார்த்து, "ஏண்டி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டதும், "பரீட்சைக்குப் படிக்கிறேன்" என்று இவள் சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாதவர்களுக்காக நாலு வரி.

ஜோகுபாளையத்தில் பாரிஜாதா என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே பதினாலு வருஷமாகக் கார் துடைப்பவள் ஷோபா. மொத்தம் முப்பத்தொரு கார். அவள் புருஷன் ஆதிகேசவன் ஆட்டோவை விற்ற பிறகு, மூன்று வருஷமாக அவனும் கூட வருகிறான். ஆயுத பூஜை அன்று, மாலை போட்டு வெயிலில் நிறுத்திய தன் கறுப்புக் காரைச் சங்கச் செயலாளர் அனந்தபத்மநாபன் குனிந்து பார்த்தார். பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். ஒரு காரில் பார்த்தவர் சும்மா இருப்பாரா? மற்ற கார்களையும் பார்த்தார். எல்லாவற்றிலும் அதேதான்.

உடனே கூட்டம் போட்டார்கள். கார் கழுவும் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்கிற நேரத்தில், கதவோரம் நின்றிருந்த ஷோபா வாயைத் திறந்தாள்.

"ஒரே ஒரு சான்ஸ் குடுங்க சார். கீறாம கழுவிக் காட்டறேன்."

அந்த ஒரே சான்ஸ் இந்த வெள்ளிக்கிழமை.

ஏற்பாடு முழுக்க அனந்தபத்மநாபனுடையது. ரிட்டயர்ட் இன்ஜினீயர், காப்பிக்குச் சர்க்கரையைக்கூட அளந்து போடுகிற மனுஷர். தன் கார் பானெட்டுக்கு வியாழக்கிழமை பாலீஷ் போட வைத்து, பழைய கீறல் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டார். நடுவில் மேலிருந்து கீழ்வரை நீல டேப் ஒட்டினார். இடது பாதி கம்பெனி ஆளுக்கு, வலது பாதி ஷோபாவுக்கு. ஆளுக்கு இரண்டு பக்கெட் தண்ணீர். காலை எட்டரைக்கு ஆரம்பம். அதுவரை ஒரு ஈ, காக்காய் வண்டியைத் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, காரை கேட்டுக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் நிறுத்தினார். வெயில் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா?

இதில் தோற்றால் என்ன ஆகும் என்று ஷோபாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடியும் பாத்திரம். கல்யாணமாகி வந்த புதிதில் ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் அவள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் தின்ற நாட்கள் உண்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின்வாசல் வழியாக வா, இந்த டம்ளரில் குடி, அதைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வை என்பதை மட்டும் அவளால் பொறுக்க முடிந்ததில்லை. கார் நிற்கிற பேஸ்மெண்டில் அதெல்லாம் கிடையாது. அங்கே அவள் யாருடைய சமையலறை வாசலிலும் நிற்க வேண்டாம். அங்கே அவள் ராணி என்று சொன்னால் சிரிப்பாள், ஆனால் மறுக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஆதிகேசவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

"நான் முந்திப் போறேன். தண்ணி லாரி வந்துட்டா பக்கெட் ரொப்பி வெச்சுடறேன். நீ விக்கிகூட வா."

"சும்மா வெளிய நில்லு மாமா. வண்டியாண்ட போவாத."

"எனக்குத் தெரியாதா? போற வழியில முனீஸ்வரர் கோயில்ல நின்னுட்டுப் போறேன். உன் பேர்ல ஒரு அர்ச்சனை."

ஷோபாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நல்லவன்தான். கை நீட்ட மாட்டான், குடித்துவிட்டுத் தெருவில் விழ மாட்டான். ஒரே ஒரு கோளாறு. சட்டையை உள்ளே விட்டுக்கொண்ட எவன் எதிரே வந்தாலும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆட்டோ ஓட்டிய காலத்தில் தப்பே செய்யாமல் டிராஃபிக் போலீஸுக்கு ஃபைன் கட்டிவிட்டு, அவருக்கே சல்யூட் அடித்துவிட்டு வந்தவன். அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லி இவள் சிரித்திருக்கிறாள்.

விக்கி அவளுடைய தம்பி. இந்திரா நகரில் காருக்கு அழகு பார்க்கிற கடை ஒன்றில் வேலை. பத்து நாளாக அக்காவுக்கு வாத்தியார் அவன்தான். முதல் நாள் அவன் மொபைல் டார்ச்சை அடித்து, பேஸ்மெண்டில் ஒவ்வொரு காராகக் காட்டியபோது ஷோபா ஓவென்று அழுதுவிட்டாள். ஒரே பக்கெட் தண்ணீர், பாத்திரப் பவுடர், பழைய பனியன் துணி. முதல் காரின் மண்ணைப் பத்தாவது கார் மேல் தேய்த்து, தண்ணீர் பஞ்சம் என்றால் வெறும் துணியாலேயே வட்டம் போட்டு வட்டம் போட்டு, பதினாலு வருஷமாக அத்தனையையும் கீறியது அவள் கைதான். பளபளவென்று இருக்கட்டும் என்று ஆசை ஆசையாகக் கீறியிருக்கிறாள்.

இன்று அவன் பைக்கின் பின்னால், மடியில் ஷாம்பு, கிளவுஸ், ஜல்லடைத் தட்டு எல்லாம் வைத்த பையோடு உட்கார்ந்துகொண்டு வந்தாள். விக்கி வழியெல்லாம் கேள்வி கேட்டான்.

"முதல்ல என்னாக்கா?"

"வெறும் தண்ணி. மேலேர்ந்து ஊத்தணும். மண்ணு தானா எறங்கணும்."

"ரெண்டு பக்கெட் எதுக்கு?"

"ஒண்ணுல ஷாம்பு. இன்னொண்ணு கிளவுஸை அலசறதுக்கு. ஒருவாட்டி தொடைச்சா ஒருவாட்டி அலசணும். பக்கெட் அடியில ஜல்லடைத் தட்டு போடணும், மண்ணு அதுக்குக் கீழ போயி தங்கிடும்."

"துணி கீழ உழுந்தா?"

"அத்தோட அதை மறந்துடணும். தங்கத்துல நெய்ஞ்சிருந்தாலும் எடுக்கக் கூடாது."

"கை?"

"நேரா. முன்னேர்ந்து பின்னால. வட்டம் போடவே கூடாது."

"பாஸாயிட்டே" என்றான் விக்கி. அல்சூர் சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்து, "சும்மா பயப்படாதக்கா. நீ எங்க கடைப் பசங்களைவிட ஜாஸ்தி சுத்தமா பண்றே" என்றான். அவள் வளையலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். சேப்டி பின்னையும் எடுத்துவிட்டாள்.

எட்டரைக்குக் கேட்டருகே சின்னக் கூட்டம். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருப்பதால் ராத்திரி முழுக்கப் பறந்த சிமெண்ட் தூள் கார் மேல் சாம்பல் பூத்திருந்தது. கம்பெனி ஆள் சிரில் என்று ஒரு பையன், மரியாதையானவன். "குட் மார்னிங் அக்கா" என்றான். ஆதிகேசவன் நிரப்பி வைத்த பக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், தோளில் மஞ்சள் துணியோடு நின்றிருந்தான். நெற்றியில் குங்குமம்.

"எல்லாம் நல்லா நடக்கும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சிரில் தன் பாதியை இருபது நிமிஷத்தில் முடித்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து ஷோபா.

சொம்பில் தண்ணீர் எடுத்து பானெட்டின் மேல் விளிம்பிலிருந்து மெதுவாக ஊற்றினாள். சாம்பல் நிறத் தண்ணீர் இறங்கியது. அதன் நடுவே மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடும் இறங்கியது.

ஷோபாவின் கை நின்றது. டேப்பின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்குக் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் எதிர்க் கட்டடத்தின் சாரக் கம்புகளை எண்ணிக்கொண்டிருப்பவன் மாதிரி அண்ணாந்து நின்றான். தோளில் கிடந்த மஞ்சள் துணியின் முனையில் சிவப்பு.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அர்ச்சனைக் குங்குமத்தைக் கொண்டுவந்து, நம்ம பாதிக்கு ஒரு பொட்டு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறான். வைத்த பிறகுதான் யாரும் தொடக்கூடாது என்றது ஞாபகம் வந்திருக்கும். சார் பார்த்தால் திட்டுவாரே என்று பதறியிருப்பான். தோளில் இருந்த துணியை எடுத்து, ராத்திரி விழுந்த சிமெண்ட் தூளோடு சேர்த்து, பழகிய கை பழகிய மாதிரியே, காய்ந்த துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்துவிட்டான். துடைத்த இடம் தனியாகத் தெரிகிறதே என்று தன் பெண்டாட்டியின் பாதி முழுக்கத் துடைத்திருப்பான். அதன் பிறகு விழுந்த தூள்தான் இப்போது மேலே கிடப்பது.

அடப்பாவி மனுஷா!

அந்த நிமிஷமே நிறுத்திச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் அவள் தன்னைத்தானே எத்தனையோ தரம் கேட்டுக்கொண்டாள். லேசாகத்தான் இருக்கும், தெரியாது என்று ஒரு நப்பாசை. சொன்னால் அவனை எல்லோர் எதிரிலும் நிறுத்திக் கேட்பார்களே என்று ஒரு பயம். கிளவுஸை ஷாம்பு தண்ணீரில் முக்கினாள். நேராக ஒரு இழுப்பு, அலசல். நேராக ஒரு இழுப்பு, அலசல். அழுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, ஆனாலும் கை ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. கடைசியில் தடித்த டவலை விரித்துப் போட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். அவள் வாழ்க்கையிலேயே அதைவிட நன்றாக ஒரு காரைக் கழுவியதில்லை. விக்கி ஓரமாக நின்று கட்டைவிரலைக் காட்டினான்.

ஒன்பதரைக்கு வெயில் நேராக பானெட் மேல் விழுந்தது. அனந்தபத்மநாபன் டேப்பை உரித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

இடது பாதியில் முகம் பார்க்கலாம். வலது பாதியில் வட்டத்துக்குள் வட்டமாக, கை வீசின வீச்செல்லாம் அப்படியே கீறலாக விழுந்திருந்தது.

இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் "ச்சொ" என்றார்.

"என்னம்மா ஷோபா இது?" அனந்தபத்மநாபனின் குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

விக்கி முன்னால் வந்துவிட்டான். குனிந்து பார்த்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "அக்கா, இது உன் கை இல்ல. நீ நேரா இழுத்த, நான் பார்த்துக்கிட்டேதான் நின்னேன். இது வட்டம். யாரோ காய்ஞ்ச துணியால..."

ஷோபா அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"என்ன சொல்றான் உன் தம்பி?" என்றார் அனந்தபத்மநாபன். "யாராவது தொட்டாளா வண்டியை?"

கேள்வி எல்லோருக்கும் பொதுவாக வந்தது. ஷோபா புருஷனைப் பார்த்தாள். சொல்லு மாமா. இப்போ சொல்லு. தெரியாம பண்ணிட்டேன் சார், சாமி பொட்டு வெச்சேன் சார், அவ மேல தப்பில்ல சார் என்று சொன்னால் போதும். அவர் மனுஷர்தான், இன்னொரு தரம் கழுவச் சொல்வார். ஒரு வாய் வார்த்தை. பதினாறு வருஷமாக உன்னை நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ஆதிகேசவன் குனிந்து காலி பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். மஞ்சள் துணி அந்தப் பக்கெட்டுக்குள் போய்விட்டது.

"யாரும் தொடல சார்" என்றாள் ஷோபா. "நான்தான். கை கொஞ்சம் அழுந்திடுச்சு."

அதோடு முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி. அனந்தபத்மநாபன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா எல்லாரும் பாத்துட்டா. கம்பெனிக்காரா ஒரு ஆள் கேக்கறா. எந்த ஃப்ளாட்டுக்கு எந்த கார், டேங்க் எங்கே, எல்லாம் தெரிஞ்ச ஆளா. ஆதிகேசவன் இருக்கட்டும். பதட்டமில்லாத ஆள். என்னப்பா?"

ஷோபா புருஷன் வாயையே பார்த்தாள். வேண்டாம் சார் என்பான். ரெண்டு பேரும் போறோம் சார் என்பான். நூற்றில் ஒரு பங்காவது எதிர்பார்த்தாள்.

"சரிங்க சார். ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான் ஆதிகேசவன். கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

விக்கிக்கு முகம் சிவந்துவிட்டது. மாமாவின் கையிலிருந்த பக்கெட்டை ஒருதரம் பார்த்தான், அக்காவை ஒருதரம் பார்த்தான். கேட்டுக்கு வெளியே அவளைத் தள்ளிக்கொண்டு போய், "கேட்டு மேல கேமரா இருக்குதுக்கா, பார்த்தியா? ஞாயித்துக்கிழமை வந்து செக்ரட்டரி சாராண்டயே கேக்கப் போறேன். காலையில யார் வந்தாங்க, என்னா பண்ணாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும்" என்றான்.

"வேணாம்டா."

"நீ வேணாம்னா நான் கேக்கணுமா?" பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவள் தன் சாமான்களை எடுக்க பேஸ்மெண்டுக்கு இறங்கும்போது, அனந்தபத்மநாபனின் மனைவி ருக்மிணி லிஃப்டிலிருந்து வந்தாள். கையில் இரண்டு வாழைப்பழம். நல்ல மனசு, பாவம், அதில் சந்தேகமே இல்லை.

"கவலைப்படாதே ஷோபா. கேட்டதும் எனக்கு மனசே ஆறலை. சோமவாரத்திலேர்ந்து நம்மாத்துக்கு வந்துடு. பாத்திரம் தேய்க்க ஆளே கிடைக்கலை. பின்பக்கம் படி வழியா வந்துட்டா உனக்கும் ஈஸி."

ஷோபா வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டாள். "யோசிச்சு சொல்றேம்மா" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பத்தொரு காரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆதிகேசவன் வந்தான். ஒரு முழம் மல்லிகைப் பூவும் வாங்கி வந்திருந்தான். அதை ஸ்டவ் பக்கத்தில் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினான். குளித்தான். வழக்கமாக ரேடியோவைப் போடுகிறவன் இன்று போடவில்லை. அவள் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேச்சை எடுத்தான்.

"ஏதோ ஒருத்தருக்காவது வேலை நிலைச்சுதே, அதை நெனச்சுக்கோ."

ஷோபா அவன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் சாயந்திரம் வந்தாரு. தண்ணி மட்டும் பிடிச்சா போதாதாம். ஆள் கம்மியாம், நானும் கழுவணுமாம். திங்கக்கிழமை காலையில எனக்கு ஒரு டெஸ்ட் வெப்பாராம்." ரசத்தைக் கலந்துகொண்டே, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உனக்கு எல்லாம் அத்துப்படியாச்சே. அந்த ரெண்டு பக்கெட் சமாச்சாரம், ஷாம்பு, எல்லாம் எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன் ஷோபா."

அவளுக்குக் கோபம் வரும் என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் உள்ளே தேடிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. காலையில் பெருகி வந்த கண்ணீர்கூட இல்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்றேன். முதல்ல ஒண்ணு. காய்ஞ்ச வண்டி மேல காய்ஞ்ச துணியை வெக்கக் கூடாது. சாமி குங்குமத்தைத் தொடைக்கறதா இருந்தாலும் கூடாது."

ஆதிகேசவனின் கை தட்டிலேயே நின்றது.

"தெரியுமா உனக்கு?"

"தண்ணி ஊத்தினப்பவே தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல? சார் கேட்டாரே, ஏன் சொல்லல நீ?" திட்டுகிற மாதிரித்தான் கேட்டான். குரல் மட்டும் உடைந்துவிட்டது.

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

அவன் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான். மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் ஏதாவது சொல்வான் என்று இப்போதும் அவள் காத்திருந்தாள், வெட்கங்கெட்ட மனசு.

கடைசியில் ஆதிகேசவன் சொன்னான்:

"ரெண்டாவது என்னா?"